குரூஸ், சொகுசுக் கப்பல், கடலுலா: ஒரு சொல்லும் துருவத்துப் பனியும்

'போலார் குரூஸ்' என்பதைத் தமிழ்ச் செய்திகளில் பெரும்பாலும் 'துருவ சொகுசுக் கப்பல் பயணம்' என்று எழுதுகிறோம். ஆர்க்டிக் கடல்களுக்கோ அண்டார்டிகாவுக்கோ பயணிகளை ஏற்றிக்கொண்டு போய், கப்பலிலேயே தங்கவைத்து, பனிமலையும் பென்குயினும் பனிக்கரடியும் காட்டித் திரும்பக் கொண்டுவந்து விடும் சுற்றுலா இது. ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போய்ச் சேருவதற்காக யாரும் இதில் ஏறுவதில்லை. சுற்றுவதற்காகவே போகிறார்கள்.

குரூஸ் என்ற சொல் 17ஆம் நூற்றாண்டில் டச்சு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. டச்சில் 'க்ரூயிஸ்' என்றால் சிலுவை. அதிலிருந்து வந்த 'க்ரூயிசன்' என்ற வினைக்குக் குறுக்கே கடப்பது என்று பொருள். போர்க்கப்பல்கள் எதிரியைத் தேடிக் கடலில் குறுக்கும் மறுக்குமாக ரோந்து போனதை அப்படிச் சொன்னார்கள். குரூசர் என்ற போர்க்கப்பல் வகையின் பெயரும் அங்கிருந்து வந்ததுதான். இன்னும் பின்னால் போனால் லத்தீனில் 'க்ருக்ஸ்'. அதே லத்தீன் சொல் போர்த்துகீசிய மொழியில் 'க்ரூஸ்' ஆகி, நம் கரைக்கு வந்து 'குருசு' ஆனது. கன்னியாகுமரிக் கடற்கரை ஊர்களில் குருசடி (சிலுவை நிற்கும் சிறு வழிபாட்டிடம்) பார்த்தவர்களுக்கு இது தெரிந்த சொல். ஆக, குரூஸ் நமக்கு ஒருவகையில் பழைய உறவுதான்.

துருவம் வடமொழியின் 'த்ருவ'. அசையாதது, நிலையானது என்று பொருள். இலங்கைப் பாடநூல்களில் முனைவு என்றும் எழுதுவார்கள். இரண்டும் நன்றாகவே புழங்குகின்றன, அதில் சிக்கல் இல்லை.

சிக்கல் சொகுசுக் கப்பலில்தான். அந்தப் பெயர் கப்பலுக்குள் இருக்கும் மெத்தையையும் உணவுக்கூடத்தையும் மட்டுமே சொல்கிறது. கப்பல் எங்கே போகிறது, எதற்குப் போகிறது என்பது அதில் இல்லை. எனக்குப் பொருத்தமாகப் படுவது 'கடலுலா'. உலவுதல் என்றால் இலக்கு வைத்து நடக்காமல் அங்குமிங்கும் நடப்பது. டச்சு வினையின் பொருளும் கிட்டத்தட்ட அதுவே. சுற்றுலா என்ற சொல்லுக்குள்ளேயே உலா இருப்பதால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. துருவக் கடலுலா, கடலுலாக் கப்பல், கடலுலாப் பயணி என்று மற்ற சொற்களும் தடையில்லாமல் வருகின்றன.

சரி, இந்த உலா எப்போது தொடங்கியது? 1966இல் லார்ஸ் எரிக் லிண்ட்பிளாட் என்பவர் அர்ஜென்டினாவின் கடற்படைக் கப்பல் ஒன்றை வாடகைக்கு எடுத்துச் சுற்றுலாப் பயணிகளை அண்டார்டிகாவுக்கு அழைத்துப் போனார். 1969இல் இதற்கென்றே ஒரு கப்பல் கட்டினார். சோவியத் ஒன்றியம் உடைந்த பிறகு, பனிக்கடலில் ஓடக்கூடிய ரஷ்ய ஆய்வுக் கப்பல்கள் வாடகைக்குக் கிடைத்தன, தொழில் சூடுபிடித்தது. 1992–93 பருவத்தில் அண்டார்டிகா போனவர்கள் சுமார் 6,700 பேர். 2023–24இல் ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேல். வடக்கே கடற்பனி குறையக் குறையப் புதிய வழிகள் திறந்துகொண்டன. 2016இல் சுமார் 1,000 பயணிகளோடு 'கிரிஸ்டல் செரினிட்டி' என்ற பெரிய கப்பல் கனடாவின் வடமேற்குக் கடல்வழியைக் கடந்தது. பனி உருகியதால் திறந்த வழியில், பனி உருகுமுன் பார்த்துவிட வேண்டும் என்று ஆட்கள் போகிறார்கள். இதற்குக் 'கடைசி வாய்ப்புச் சுற்றுலா' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

அண்டார்டிகா போகும் கப்பல்களில் பெரும்பாலானவை அர்ஜென்டினாவின் தென்கோடியில் உள்ள உஷுவாயாவிலிருந்து கிளம்புகின்றன. டிரேக் நீரிணையைக் கடக்க இரண்டு நாள் ஆகும், அலை கடுமையாக இருக்கும். கரையிறங்குமுன் காலணியைக் கிருமிநாசினியில் முக்கிக் கழுவ வேண்டும். உடுப்பின் ஒட்டுப்பட்டைகளிலும் பையின் மடிப்புகளிலும் புல் விதை ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து எடுக்க வேண்டும். அப்புறம் ரப்பர் படகில் கரைக்குப் போகலாம். ஓரிடத்தில் ஒரே நேரத்தில் 100 பயணிகளுக்கு மேல் நிற்கக்கூடாது. 500 பேருக்கு மேல் ஏற்றிய கப்பலிலிருந்து ஒருவரையும் இறக்கக்கூடாது. பென்குயினிடமிருந்து ஐந்து மீட்டர் தள்ளியே நிற்க வேண்டும். பறவைக் காய்ச்சல் 2024 பிப்ரவரியில் அண்டார்டிகப் பெருநிலத்தில் உறுதியானது. இப்போது தரையில் உட்காரவோ மண்டியிடவோ கூடாது என்றும் பயணிகளுக்குச் சொல்கிறார்கள்.

இவ்வளவு கவனம் ஏன் வேண்டும் என்பதற்குக் கிங் ஜார்ஜ் தீவே சாட்சி. ஐரோப்பாவில் சாலையோரம் முளைக்கும் சாதாரணப் புல் ஒன்று 1980களில் அங்கே போலந்தின் ஆய்வு நிலையத்தருகே முளைத்திருப்பதைக் கண்டார்கள். அது சுற்றுலாப் பயணி கொண்டுபோனது என்று சொல்லவில்லை. ஆனால் காலணியோடும் மூட்டையோடும் மனிதர் போகும் இடமெல்லாம் விதையும் போகும்.

காலணியைக் கழுவிவிடலாம், புகையைக் கழுவ முடியாது. கப்பல் புகையிலிருந்து வரும் கரித்துகள் வெண்பனியில் படிகிறது. வெயிலில் கறுப்புச் சட்டை சுடுவதுபோல, கரி படிந்த பனி வெப்பத்தை இழுத்துக்கொண்டு சீக்கிரம் உருகுகிறது. 2022இல் வெளிவந்த ஓர் ஆய்வு, 2016 முதல் 2020 வரை அண்டார்டிகா போன ஒவ்வொரு சுற்றுலாப் பயணியின் பங்கிலும் சுமார் 83 டன் பனி கூடுதலாக உருகுவதாகக் கணக்கிட்டது. ஒரு ஆளுக்கு 83 டன்! இந்த எண்ணைப் படித்த பிறகு சொகுசு என்ற சொல்லை அந்தக் கப்பலோடு சேர்த்து எழுத எனக்குக் கை வரவில்லை.

விபத்தும் நடந்திருக்கிறது. லிண்ட்பிளாட் 1969இல் கட்டிய அதே கப்பல், பின்னாளில் 'எக்ஸ்ப்ளோரர்' என்ற பெயரில் ஓடிக்கொண்டிருந்தபோது, 2007 நவம்பரில் பனியில் மோதி அண்டார்டிகக் கடலில் மூழ்கியது. அருகில் இன்னொரு கடலுலாக் கப்பல் இருந்ததால் 154 பேரும் பிழைத்தார்கள். தொட்டியிலிருந்த டீசல் கப்பலோடு போனது. கச்சாவின் அடிக்கசடான கனரக எண்ணெயை அண்டார்டிகக் கடலில் கப்பல்கள் கொண்டுபோகவே 2011 ஆகஸ்டில் தடை வந்தது. ஆர்க்டிக்கில் அந்தத் தடை 2024 ஜூலையில்தான் தொடங்கியது. அதிலும் சில கப்பல்களுக்கு 2029 வரை விலக்கு உண்டு. பயணிகளைக் கட்டுப்படுத்துவதில் நார்வே முந்திக்கொண்டது. 2025 முதல் ஆர்க்டிக்கில் உள்ள அதன் ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தின் பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குள் 200 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பல் நுழைய முடியாது. பனிக்கரடியிடமிருந்து 300 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், மார்ச் முதல் ஜூன் வரை 500 மீட்டர்.

அண்டார்டிகாவில் நிலைமை வேறு. அங்கே அன்றாட விதிகளில் பலவற்றை வகுத்து நடத்துவது 1991இல் ஏழு சுற்றுலா நிறுவனங்கள் சேர்ந்து தொடங்கிய கூட்டமைப்பு. அவர்கள் அக்கறையோடு செய்கிறார்கள் என்றே நம்புகிறேன். ஆனால் பருவத்துக்கு இத்தனை பேர்தான் வரலாம் என்று மொத்த வரம்பு வைக்க, அண்டார்டிக ஒப்பந்தத்தில் சேர்ந்துள்ள நாடுகள்தான் முன்வர வேண்டும். 2024 மே மாதம் கொச்சியில் அவை கூடியபோது சுற்றுலாவுக்கென ஒரு நெறிமுறை வகுக்கும் பேச்சு நடந்தது. அங்கே எந்த முடிவுக்கும் முடிவெடுக்கும் உரிமையுள்ள எல்லா நாடுகளும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

மொழிபெயர்ப்பவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு சொல்லும் உண்டு. நிறுவனங்கள் இப்பயணங்களை 'எக்ஸ்பெடிஷன்' என்று விற்கின்றன. அதை 'ஆய்வுப் பயணம்' என்று தமிழாக்கினால் பிழை. அண்டார்டிகாவில் உள்ள இந்திய ஆய்வு நிலையங்களான மைத்ரிக்கும் பாரதிக்கும் நம் அறிவியலாளர்கள் போவதுதான் ஆய்வுப் பயணம். பயணச்சீட்டு வாங்கிப் பென்குயின் பார்க்கப் போவது கடலுலா.