குமிழம்: மண்ணுக்குள் மடிந்த இலை

திருநெல்வேலிப் பக்கம் மண்ணுக்குள் இருந்து தோண்டி எடுக்கும் எதுவும் கிழங்குதான். பனங்கொட்டையின் முளைக்குக்கூடப் பனங்கிழங்கு என்றே பெயர். சந்தையில் இது போதும். ஆனால் நர்சரிக்காரர்கள் ‘பல்பு’ என்று எடுத்துக் கொடுப்பது கிழங்கு இல்லை. தமிழ்ப் பாடநூல்களில் அதற்குக் குமிழம் என்று பெயர்.

பல்பு ஆங்கிலம் வழியாக வந்த சொல். அதற்கு மூலம் லத்தீனின் ‘புல்புஸ்’, அதற்கும் முன்னால் கிரேக்கத்தின் ‘போல்போஸ்’. உருண்டையாக இருந்ததால் மின்விளக்குக்கும் பிற்பாடு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. தமிழில் குமிழ் என்றாலே உருண்டு திரண்டது. நீர்க்குமிழியும் பாதக்குறட்டின் குமிழும் அப்படி வந்தவைதான். ‘பல்புத் தாவரம்’ என்று எழுதுகிறவர்கள் ‘குமிழத் தாவரம்’ என்றே எழுதலாம்; யாருக்கும் புரியாமல் போகாது.

ஒரு பல்லாரியை (பெரிய வெங்காயத்தை) நெடுக்காகப் பிளந்தால் வித்தியாசம் தெரியும். அடியில், வேர் கிளம்பும் இடத்தில் தட்டையாக ஒரு வில்லை இருக்கிறதே, தண்டு அவ்வளவுதான். அதன்மேல் சாறு நிறைந்து அடுக்கடுக்காக நிற்பதெல்லாம் இலையின் அடிப்பாகம். நடுவில் மொட்டு. உருளைக்கிழங்கில் பருத்திருப்பது தண்டு, ஆகவே அது கிழங்கு. சேம்பிலும் இஞ்சியிலும் பருத்திருப்பதும் தண்டுதான்; பாடநூலில் சேம்பினதுக்குக் கந்தம், இஞ்சியினதுக்கு மட்டநிலத்தண்டு என்று பெயர். நம் மாநில மலரான செங்காந்தளையும் சிலர் பல்பு என்கிறார்கள். அது தப்பு, கலப்பைக்கிழங்கு என்று ஊரார் வைத்த பெயர்தான் சரி.

காட்டில் குமிழத்தின் வேலையைப் பார்க்க நரிவெங்காயம் நல்ல உதாரணம். (நரிப்பயறு மாதிரி, காட்டு வகைக்கு ‘நரி’யை முன்னால் போடுவது நம் வழக்கம்.) வறண்ட மணற்பாங்கான நிலத்தில், கோடையில், ஓர் இலைகூட இல்லாமல் நெட்டுக்குத்தலாக ஒரு பூந்தண்டு மட்டும் எழும்பி நிற்கும். வேர் இழுக்க ஈரமில்லாத நாளில் அந்தப் பூவுக்குச் செலவாவது போன மழையில் குமிழம் சேர்த்து வைத்தது. மழை பெய்த பிறகுதான் இலை வரும். அது வெயிலில் உணவு தயாரித்துக் குமிழத்தை மறுபடி நிரப்பிவிட்டுக் காய்ந்து போகும். மேலே தீ பரவினாலும், ஆடுமாடு மேய்ந்தாலும் மொட்டு மண்ணுக்குள் பத்திரம். பல குமிழத் தாவரங்களுக்குச் சுருங்கும் வேர்கள் வேறு உண்டு; அவை குமிழத்தை வருடாவருடம் கொஞ்சம் ஆழத்துக்கு இழுத்துவிடும்.

இப்படிச் சேர்த்த உணவைத் தேடி ஆள் வராமல் இருக்குமா? களக்காடு முண்டந்துறைக் காடுகளில் பன்றியும் முள்ளம்பன்றியும் மண்ணைக் கிளறுவது இந்த மாதிரி நிலத்தடி உணவுக்காகத்தான். கிளறிய இடத்தில் மண் இளகும், விதை இறங்கும். சிதறிய சிறு குமிழங்கள் வேறிடத்தில் வேர் பிடிப்பதும் உண்டு. குமிழத்தைத் தேடி வருவோர் போக, பூவைத் தேடி வருவோரும் உண்டு: ஆற்றோர ஈரத்தில் வளரும் விஷமூங்கில் (பெயரில்தான் மூங்கில், இதுவும் குமிழத் தாவரமே) இனங்களின் வெள்ளைப் பூக்கள் மாலையில் மணம் விட்டு அந்துப்பூச்சிகளை வரவழைக்கின்றன.

கொள்ளைக்கு எதிராகச் செடி வைத்திருக்கும் காவல் நஞ்சு. நரிவெங்காயத்தில் இருப்பது இதயத்தைத் தாக்கும் நஞ்சு. மத்தியத்தரைக்கடல் கரையில் வளரும் அதன் உறவுச் செடியை எலி மருந்தாகவே பயன்படுத்தியிருக்கிறார்கள். பார்வைக்கு வெங்காயம் மாதிரியே இருக்கும். அடுப்படிக்குக் கொண்டுபோய்விடக் கூடாது.