சதுரங்கக் காய்க்குக் காயும் எண்ணெய்

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் பிள்ளைகளுக்குச் சதுரங்கம் பழக்கும் ஆசிரியர் ஒருவர் கேட்டிருந்தார்: "முதிரையும் கருங்காலியும் வைத்து இழைத்த பழைய பலகை ஒன்று வீட்டில் இருக்கிறது. பொலிவு வரட்டுமே என்று தேங்காயெண்ணெய் பூசினேன். மூன்று மாதமாகியும் பிசுபிசுப்புப் போகவில்லை, தூசி அப்பிக்கொண்டு கிடக்கிறது. எங்கே பிழை விட்டேன்?"

மூன்று மாதம் என்ன, மூன்று வருடம் வைத்திருந்தாலும் அது காயாது சேர். தேங்காயெண்ணெய் காயாத சாதி.

'காய்தல்' என்றவுடன் கொடியில் போட்ட துணிதான் நினைவுக்கு வரும்: தண்ணீர் ஆவியாகும், துணி காயும். ஆளிவிதை எண்ணெய் (கடையில் 'லின்சீட் ஒயில்' என்று கேளுங்கள்) காய்கிற விதம் வேறு. அது காற்றிலிருந்து ஒட்சிசனை உள்ளே இழுத்துக் காய்கிறது. நம்பாமல் நானும் ஒருமுறை கண்ணாடித் துண்டில் மெல்லிசாகப் பூசி, நகை நிறுக்கும் தராசில் வைத்துப் பார்த்தேன். சில நாளில் பூச்சு தோலாக இறுகிவிட்டது, பாரமோ கூடியிருந்தது! காயக் காயப் பாரம் கூடுகிற பொருளை வேறெங்கே பார்க்கப் போகிறோம்?

உள்ளே நடப்பது இதுதான். எண்ணெய் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் மூன்று நீண்ட கொழுப்பமிலச் சங்கிலிகள் தொங்குகின்றன. ஆளிவிதை எண்ணெயில் பாதியளவு சங்கிலிகள் லினோலெனிக் அமிலம். 18 காபன், அதில் மூன்று இரட்டைப் பிணைப்பு. இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவில் அகப்பட்ட காபனைப் பாருங்கள். அதிலுள்ள ஐதரசன் ஆடுகிற பல்லுப்போல, தொட்டால் கழன்றுவிடும். கழன்ற இடத்தில் ஒட்சிசன் வந்து குந்தும். குந்தியது சும்மா இராது. பக்கத்துச் சங்கிலியின் ஐதரசனைப் பிடுங்கும். இப்போது அங்கேயும் ஒரு வெற்றிடம், அங்கேயும் ஓர் ஒட்சிசன். இப்படிப் பரவிப் பரவி, கடைசியில் சங்கிலிகள் ஒன்றோடொன்று கை கோத்துக்கொள்ளும். குவித்துக் கிடக்கும் கதியால்களை எப்படியும் உருட்டலாம். அவற்றையே நட்டு, குறுக்கே வரிச்சு வைத்துக் கட்டிவிட்டால் வேலி. மாடு இடித்தாலும் அசையாது. திரவ எண்ணெய் கதியால் குவியல், காய்ந்த எண்ணெய் வேலி. அவ்வளவுதான் பல்பகுதியம் (பொலிமர்) என்பது.

தேங்காயெண்ணெயின் சங்கிலிகளில் நூற்றுக்குத் தொண்ணூறு நிரம்பியவை. இரட்டைப் பிணைப்பே இல்லாதபோது வரிச்சை எங்கே கட்டுவது? ஓர் எண்ணெயில் இரட்டைப் பிணைப்பு எவ்வளவு என்று அளக்க அயடீன் பெறுமானம் என்றொரு கணக்கு உண்டு. ஆளிவிதைக்கு 170க்கு மேல், நல்லெண்ணெய்க்கு 110 அளவில், தேங்காயெண்ணெய்க்கு வெறும் பத்து. நல்லெண்ணெய் இரண்டுங்கெட்டான். போதாததற்கு, ஒட்சிசனை மறிக்கிற சேர்வைகளும் அதில் உண்டு. சமையலுக்கு வரம், பலகைக்குத் தொல்லை. அடுப்படித் தட்டில் பழகிய எண்ணெய்ப் போத்தலின் அடியில் பிசின்போல ஒட்டுமே, அதுவும் பாதியில் நின்ற வேலிதான். தோசைக்கல்லைப் பழக்குவதும் இதே இரசாயனம், நெருப்பு அவசரப்படுத்துகிறது. கடையில் விற்கும் 'பொயில்ட்' லின்சீட் ஒயிலைப் பெரும்பாலும் யாரும் கொதிக்க வைப்பதில்லை; கோபாற்று, மங்கனீசு உப்புகளைக் கலந்து வேகப்படுத்துகிறார்கள்.

எங்கள் இலங்கைத் தீவிலேயே காயும் இயல்புள்ள எண்ணெய் ஒன்று உண்டு: ரப்பர் விதை எண்ணெய். தெற்கில் தோட்டம் தோட்டமாக விதை உதிர்கிறது. லின்சீட்டுக்கு வெளிநாட்டுக் காசு கொடுப்பதற்குப் பதில் இதற்கொரு ஆய்வுக்கூடத்துக்குக் கொடுக்கலாம் என்பது என் நெடுநாள் புலம்பல்.

மெழுகில் இந்த வித்தை எதுவும் இல்லை. தேன்மெழுகு டர்பன்டைனில் கரைந்திருக்கும். டர்பன்டைன் பறந்ததும் மெழுகு மேலே தங்கும். அது உருகுவது 62 பாகை செல்சியஸ் அளவில், ஆனால் அதற்கு வெகுமுன்னரே இளகும். சித்திரை வெயிலில் காருக்குள் விட்ட பலகையில் விரலடையாளம் விழும். பிரேசில் பனையொன்றின் ஓலையில் கிடைக்கும் கார்னௌபா மெழுகு 82க்கு மேல்தான் உருகும். கொஞ்சம் சேர்த்தால் பூச்சு இறுகும். சர்வதேசச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிப்படி போட்டிப் பலகை பளபளக்கக் கூடாது. ஆகவே வார்னிஷை விட எண்ணெயும் மெழுகும்தான் பொருத்தம்.

வெள்ளைக் காய்களுக்கு லின்சீட் வேண்டாம். நாள்பட மஞ்சளாகும், பெட்டிக்குள் இருட்டில் இன்னும் கூடுதலாக. அவற்றுக்கு மெழுகு மட்டும். குதிரையின் பிடரியில் மெழுகு சேர்ந்து வெள்ளை வெள்ளையாக நிற்கும், பழைய பல் துலக்கும் தூரிகையால் எடுத்துவிடுங்கள். கறுப்புக் காய்களை முதலில் சோதியுங்கள். ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் அடிப்பக்கம் தேய்த்தால் கறுப்புத் தாராளமாக இறங்குகிறதா? அப்படியென்றால் சாயம் தோய்த்த வேறு மரம். கருங்காலி மாலைக்கும் இதே சோதனை செய்யலாம். அசல் என்று தெரிந்தாலும் அதிர்ஷ்டம் வரப் போவதில்லை, அது வேறு கதை.

சரி, சேரின் பலகை. டர்பன்டைன் நனைத்த துணியால் இரண்டு மூன்று தடவை துடைத்துத் தேங்காயெண்ணெயை எடுங்கள். துணி சுத்தமாக வரவேண்டும். பிறகு லின்சீட் ஒயிலை மிக மெல்லிசாக, அடிப்பக்கமும் சேர்த்துப் பூசுங்கள். ஒருபக்கம் மட்டும் பூசினால் மாரி ஈரத்தில் பலகை வளையும். முதிரையும் கருங்காலியும் இறுகிய மரங்கள், அதிகம் குடிக்காது. இருபது நிமிடத்தில் மிச்சத்தை முழுக்கத் துடைத்துவிட வேண்டும். அது காய்ந்தபின் இன்னொரு பூச்சு. நன்றாகக் காய்ந்தபின் மெழுகு. மெழுகுக்கு மேல் எண்ணெய் இறங்காது, முறையை மாற்றாதீர்கள்.

துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறிய வேண்டாம். ஒட்சிசன் சேரும்போது வெப்பம் வரும். சுருட்டிய துணிக்குள் அந்த வெப்பம் வெளியேற வழியில்லாமல் தானே பற்றிக்கொள்ளும். 1991இல் பிலடெல்பியாவில் 38 மாடிக் கட்டடம் ஒன்று இப்படிப்பட்ட துணிகளால் எரிந்து மூன்று தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். துணியை முற்றத்துக் கொடியில் விரித்துப் போடுங்கள். இரண்டு நாளில் மட்டைபோல விறைத்துவிடும், அதன்பிறகு குப்பையில் போடலாம்.