மதியம் துவளும் ஹைட்ரேஞ்சியாவுக்குத் தண்ணீர் ஊற்றாதீர்கள்

சென்ற ஏப்ரல் மாதம், பெங்களூருவின் காக்ஸ் டவுனில் ஒரு பழைய ஓட்டு வீட்டுக்குச் செடி பார்க்கப் போயிருந்தேன். வீட்டுக்கார அம்மாவுக்கு எழுபது வயதிருக்கும். மேற்கு பார்த்த சுவரோரம் வைத்திருந்த பிளாஸ்டிக் தொட்டியில், பிழிந்து போட்ட துணியைப் போல இலைகளைத் தொங்கவிட்டபடி ஹைட்ரேஞ்சியா என்ற பூச்செடி ஒன்று நின்றது. "காலையில நல்லாத்தான் தம்பி இருக்கு. மத்தியானம் ஆனா துவண்டு போயிடுது. பாவமேன்னு ரெண்டு வேளையும் ஊத்துறேன்" என்றார்.

தொட்டியைச் சாய்த்து, செடியை மண்ணோடு வெளியே எடுத்தேன். அடியிலிருந்து சாக்கடை வாடை வந்தது. பழுப்பு நிறத்தில் இருந்த ஒரு வேரைப் பிடித்து மெல்ல இழுத்தபோது, மேல்தோல் உறைபோலக் கழன்று கையோடு வந்துவிட, உள்ளே நூல் மட்டும் மிஞ்சியது. அந்தச் செடி தாகத்தால் வாடவில்லை. தண்ணீரில் மூழ்கி மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது.

இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பெங்களூருவில் வீட்டுத்தோட்ட ஆலோசகராக இருக்கிறேன். நான் பார்த்தவரையில், இந்த ஊரில் இறந்துபோகும் ஹைட்ரேஞ்சியாக்களில் பெரும்பாலானவை தண்ணீர் இல்லாமல் இறப்பதில்லை. அகன்ற, மெல்லிய இலைகளைக் கொண்ட இச்செடி, உச்சி வெயிலில் வேர் உறிஞ்சித் தருவதைவிட வேகமாக இலை வழியே நீரை இழக்கிறது. மண் ஈரமாக இருந்தாலும் இலை தொங்கிவிடுகிறது. வெயில் தாழ்ந்ததும் தானாக நிமிர்ந்துகொள்ளும். ஆகவே மதியம் இரண்டு மணிக்குச் செடியைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். மறுநாள் காலை ஏழு மணிக்கும் தொங்கியே இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். அப்போதும் இரண்டு விரற்கணு ஆழத்துக்கு மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். ஈரமிருந்தும் இலை நிமிரவில்லை என்றால் வேரில்தான் கோளாறு. அங்கே ஊற்றும் ஒவ்வொரு குவளையும் அழுகலை விரைவுபடுத்தும்.

இரண்டு மூன்று ஆண்டுகளாக என்னிடம் அதிகம் கேட்கப்படுவது, உருண்டைப் பந்துபோல் பூக்கும் ஊட்டி ஹைட்ரேஞ்சியாவைப் பற்றியன்று. கூம்பு வடிவில் கொத்தாகப் பூக்கும் ஹைட்ரேஞ்சியா பானிகுலாட்டாவைப் பற்றி. கனடாவிலும் அமெரிக்காவிலும் இருக்கும் மகனோ மகளோ தங்கள் வீட்டு வாசலில் ஆளுயரம் வளர்ந்து, வெளிர்பச்சைக் கூம்புகளால் நிறைந்து நிற்கும் 'லைம்லைட்' வகையைப் படமெடுத்து அனுப்புகிறார்கள். அல்சூரிலும் ஃப்ரேசர் டவுனிலும் இருக்கும் பெற்றோருக்கு உடனே அது வேண்டும். அந்த ஆசையில் தவறில்லை. ஆனால் இச்செடி எங்கிருந்து வந்தது என்பதைத் தெரிந்துகொண்டு வாங்கினால், பணமும் மன வருத்தமும் மிச்சமாகும்.

சீனா, கொரியா, ஜப்பான், அதற்கும் வடக்கே ரஷ்யாவின் சகாலின் தீவு வரையில் இதன் பிறப்பிடம். 1829-இல் சீபோல்ட் என்ற ஜெர்மானிய மருத்துவர் இதற்குத் தாவரவியல் பெயர் சூட்டினார். ஜப்பானியர் இதை 'நோரி உட்சுகி' என்பர். நோரி என்றால் பசை. இதன் பட்டையிலிருந்து எடுக்கும் வழுவழுப்பான சாற்றை அவர்கள் கைக்காகிதம் செய்யும் கூழில் கலக்கிறார்கள். மைனஸ் 30 டிகிரிக் குளிரையும் தாங்கி, குளிர்காலம் முழுவதும் இலையுதிர்த்து உறங்கி, வசந்தத்தில் புதுத் தளிர் விட்டு, அந்தத் தளிரின் நுனியில் கோடையில் பூப்பது இதன் இயல்பு. ஜப்பானின் வடகோடித் தீவான ஹொக்கைடோவில் கோடைப் பகல் 15 மணி நேரத்தைத் தாண்டும். பெங்களூருவிலோ ஆண்டின் மிக நீண்ட பகல்கூட 13 மணி நேரத்தைத் தொடுவதில்லை. நடுங்க வைக்கும் ஜனவரி என்று நாம் சொல்லிக்கொள்வதே இரவில் 15, 16 டிகிரிதான். இங்கே இச்செடிக்கு உறக்கமும் முழுமையாக இல்லை, விழிப்பும் முழுமையாக இல்லை. அரைத்தூக்கத்தில் எழுப்பப்பட்ட குழந்தையைப் போல, ஒரு கிளை தளிர்க்கும்போது மற்றொரு கிளை சும்மா நிற்கும்.

எனவே முதலில் சொல்லிவிடுகிறேன்: படத்தில் பார்த்த அந்த ஆளுயரப் புதர் பெங்களூருவில் வராது. சரியான இடத்தில் வைத்து, நிதானமாகக் கவனித்தால், இடுப்பளவு செடியும் உள்ளங்கை நீளத்தில் சில கூம்புகளும் கிடைக்கும். அது போதும் என்பவர்கள் மேற்கொண்டு படிக்கலாம்.

வாங்கும் இடத்திலேயே ஏமாற்றம் தொடங்குகிறது. பானிகுலாட்டா என்று சீட்டுக் கட்டி விற்கப்பட்டு என் பார்வைக்கு வந்தவற்றில் பாதிக்கும் மேல், ஊட்டியிலும் கொடைக்கானலிலும் வேலியோரமாக வளர்ந்து பந்துபோல் பூக்கும் அதே ஹைட்ரேஞ்சியா மேக்ரோஃபில்லாதான். பூவில்லாத கன்றிலும் வேறுபாட்டைக் காணலாம். மேக்ரோஃபில்லாவின் இலை தடித்து, பளபளப்பாக, ஏறக்குறைய விரித்த கையளவு அகன்றிருக்கும். பானிகுலாட்டாவின் இலை அதைவிடச் சிறியது, மெல்லியது, தடவினால் சற்றுச் சொரசொரப்பாக இருக்கும். பல கணுக்களில் இரண்டுக்குப் பதில் மூன்று இலைகள் சுற்றி நிற்கும். அந்த மூன்றிலைக் கணுவைத் தேடிப் பாருங்கள். சீட்டில் எழுதியிருப்பதைவிட அது நம்பத்தக்கது.

இணையத்தில் விதை வாங்குபவர்களுக்கு ஒரு சொல். ஹைட்ரேஞ்சியா விதை தூசியைப் போல நுண்ணியது. ஒயிட்ஃபீல்டில் ஒரு தம்பதியர் எனக்குக் காட்டிய 'வானவில் ஹைட்ரேஞ்சியா' பொட்டலத்தில் கொத்தமல்லி அளவில் இருபது விதைகள் இருந்தன. முளைத்தது என்னவோ ஒரு வகைக் கீரை. அதைச் சமைத்துவிட வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். உண்மையான விதையே கிடைத்தாலும், 'லைம்லைட்' போன்ற வகைகள் விதையிலிருந்து தாயைப் போலவே வருவதில்லை. அவற்றைத் தண்டு வெட்டி வேர்விடச் செய்துதான் பெருக்குகிறார்கள்.

நிறத்தைப் பற்றிய மயக்கமும் நிறையவே உண்டு. மண்ணின் அமிலத்தன்மையை மாற்றி நீலப்பூ வரவழைக்கலாம் என்பது மேக்ரோஃபில்லாவுக்குப் பொருந்தும். அமில மண்ணில் கரையும் அலுமினியத்தை அச்செடி எடுத்துக்கொள்வதால் அங்கே நீலம் வருகிறது. பானிகுலாட்டாவில் எதைப் போட்டாலும் நீலம் வராது. ஒருவர் வாரந்தோறும் படிகாரம் கரைத்து ஊற்றி, உப்பு ஏறி இலை விளிம்பெல்லாம் கருகிய பிறகு என்னை அழைத்தார். இதன் பூ வெண்மையாகவோ வெளிர்பச்சையாகவோ விரிந்து, முதிரும்போது இளஞ்சிவப்பாக மாறும்; அந்தச் சிவப்புக்குக் குளிர்ந்த இரவுகள் வேண்டும். நம் ஊர் இரவில் அது பெரும்பாலும் வெள்ளையிலிருந்து நேராகப் பழுப்புக்குப் போய்விடுகிறது.

இடம் தேர்ந்தெடுப்பதுதான் பாதி வேலை. காலை ஆறரை முதல் பத்தரை, பதினொரு மணி வரை வெயில் விழுந்து, பிறகு சுவரின் நிழல் மூடிக்கொள்ளும் கிழக்குப் பக்கம் சிறந்தது. நம் ஊர்ச் செம்மண்ணில் நேராக நடுவதைவிட, 14 அல்லது 16 அங்குல மண்தொட்டியில் வளர்ப்பதையே நான் பரிந்துரைக்கிறேன். மார்ச் மாதம் பிறந்ததும் நகர்த்த முடியும், வேரும் மூச்சு விடும். இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு நன்கு மட்கிய எரு, ஒரு பங்கு கழுவிய பருமணல், ஒரு பிடி வேப்பம்பிண்ணாக்கு என்பது என் கலவை. நர்சரியிலிருந்து வரும் செடி முழுக்க முழுக்கக் கொக்கோபீட்டில், அதாவது தென்னைநார்க் கழிவில், இருந்தால், அதைப் பாதியாவது உதறிவிட்டு நடுங்கள். கொக்கோபீட் ஒருமுறை நன்றாகக் காய்ந்து சுருங்கிவிட்டால், ஊற்றும் தண்ணீர் ஓரமாக வழிந்து ஓடுமே தவிர வேருக்குப் போகாது. மேலே ஈரமும் நடுவே வறட்சியுமாக இருக்கும்.

பெங்களூருவில் எந்தத் தண்ணீர் என்பதும் ஒரு கேள்வி. 2024 மார்ச்சில் நகரக் குடிநீர் வாரியம், தோட்டத்துக்குக் குடிநீரைப் பயன்படுத்தினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தது நினைவிருக்கும். அப்போது பலர் ஆர்.ஓ. குடிநீர்ச் சுத்திகரிப்பான் வெளியேற்றும் கழிவு நீருக்கும் துணிதுவைக்கும் இயந்திரத்தின் நீருக்கும் மாறினார்கள். செம்பருத்தியும் அரளியும் அதைப் பொறுத்துக்கொண்டன, ஹைட்ரேஞ்சியா பொறுக்கவில்லை. ஆர்.ஓ. கழிவு நீரில் உப்பு செறிந்திருக்கிறது, சோப்பு நீரில் சோடியம் இருக்கிறது. போர்வெல் தண்ணீரும் டேங்கர் தண்ணீரும் பல பகுதிகளில் கடினமானவை. தொடர்ந்து ஊற்றினால் மண்ணின் காரத்தன்மை ஏறி, செடியால் இரும்புச்சத்தை எடுக்க முடியாமல் போகிறது. நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் தெரியும் இளம் இலைகள் அதன் அடையாளம். அதற்கு யூரியா போடுவது வீண். செடி எளிதில் எடுத்துக்கொள்ளும் வடிவில் இரும்பு உள்ள இரும்புச் செலேட் உரத்தைச் சிறிதளவு கொடுத்து, தண்ணீரை மாற்ற வேண்டும். மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கி 2009-இல் கொண்டுவந்த சட்டத்திருத்தத்துக்குப் பின் அதை அமைத்துள்ள தனி வீட்டுக்காரர்கள், அந்தத் தொட்டி நீரை முதலில் இச்செடிக்கென ஒதுக்கலாம். கடும் ஏப்ரலிலும் ஒரு 14 அங்குலத் தொட்டிக்கு நாளொன்றுக்கு இரண்டு மூன்று லிட்டருக்கு மேல் தேவைப்பட்டதை நான் கண்டதில்லை. அதையும் காலையிலேயே ஊற்றிவிட வேண்டும்.

கிளைகளை வெட்டிவிடும் கவாத்தில் மட்டும் இது எளிமையான செடி. மேக்ரோஃபில்லாவைத் தவறான நேரத்தில் வெட்டினால் அந்த ஆண்டுப் பூ போய்விடும், ஏனெனில் அதன் பெரும்பாலான வகைகளில் மொட்டு சென்ற ஆண்டுத் தண்டிலேயே உருவாகிவிடுகிறது. பானிகுலாட்டா புதுத் தண்டில்தான் பூக்கும். டிசம்பரில் தண்ணீரைச் சற்றுக் குறைத்து, ஜனவரிக் கடைசி வாரத்தில் ஒவ்வொரு கிளையையும் மூன்றில் ஒரு பங்கு, ஒரு ஜோடிக் கணுவுக்கு மேலே வெட்டிவிடுகிறேன். மிஞ்சி நிற்கும் பழைய இலைகளைக் கையால் உதிர்த்துவிடுகிறேன். இயற்கை தராத குளிர்காலத்தை நாம் நடித்துக் காட்டுவதுபோலத்தான் இது.

மார்ச், ஏப்ரலில் செஞ்சிலந்தியும், மழைக்காலத்தில் இலைப்புள்ளி நோயும் வரும். முன்னதற்கு இலையின் அடிப்பக்கத்தில் வேப்பெண்ணெய்க் கரைசல், பின்னதற்கு நோயுற்ற இலைகளைக் கிள்ளி அப்புறப்படுத்துதல். இலையும் மொட்டும் நச்சுத்தன்மை கொண்டவை. செடி மெல்லும் நாய்க்குட்டியோ தவழும் குழந்தையோ உள்ள வீட்டில் தொட்டியை உயரத்தில் வையுங்கள்.

இன்னொன்றைச் சற்று அழுத்தியே சொல்ல வேண்டும். டொராண்டோவிலிருந்து வரும்போது பெட்டிக்குள் நான்கு தண்டுகளை ஈரத்துணியில் சுற்றி எடுத்து வந்ததாகப் பெருமையோடு சொன்ன ஒருவரை எனக்குத் தெரியும். 2003-ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணையின்படி, இறக்குமதி அனுமதியும் அந்நாட்டின் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் நடவுத் தண்டுகளைக் கொண்டுவரக் கூடாது. நாலு குச்சிதானே என்று கேட்பவர்களுக்கு, 2008-இல் கோயம்புத்தூரில் முதன்முதலில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சியை நினைவூட்டுகிறேன். எப்படி வந்தது என்று அறியாத அந்த அயல்பூச்சி பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று தமிழக வயல்களைக் காலி செய்தது. 2010-இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து அதன் எதிரிக் குளவியை வரவழைத்து விட்ட பிறகே அடங்கியது.

கூம்புக்கொத்துப் பூதான் வேண்டும், இத்தனை பாடு வேண்டாம் என்பவர்களுக்கு நம் தட்பவெப்பத்துக்கே உரிய செடிகள் உள்ளன. கிருஷ்ண கிரீடம் ஒன்றரை அடி உயரத்தில் செந்நிறக் கோபுரம் எழுப்பும்; நிழலும் ஈரமும் அதற்குப் பிடிக்கும். முழு வெயில் விழும் இடத்துக்குக் கிரேப் மிர்ட்டில் போதும். அதுவும் புதுத் தண்டில் கூம்பாகப் பூப்பதுதான், அதே கவாத்துதான்.

காக்ஸ் டவுன் செடிக்கு, அழுகிய வேரை வெட்டி, கிளைகளையும் பாதியாகக் குறைத்து, புது மண்ணில் நட்டு, வீட்டின் கிழக்குப் பக்கம் மாற்றி வைத்தேன். நல்ல வேளையாக, அது உண்மையான பானிகுலாட்டாவாகவே இருந்தது. மூன்று வாரம் அசையாமல் நின்றது. ஆகஸ்டு முடிவில் சுண்டுவிரல் நீளத்தில் ஒரே ஒரு கூம்பு வந்தது. அம்மா அதை ஐந்து கோணங்களில் படமெடுத்து அனுப்பினார். அதற்குப் பிறகு ஒரு நாள் தொலைபேசியில், "சென்னையில இருக்கற மருமகளுக்கு ஒரு குச்சி ஒடிச்சுக் குடுக்கலாமா தம்பி?" என்று கேட்டார். வேண்டாம்மா, அங்கே ஒரு மே மாதத்தைக்கூட அது தாண்டாது என்று சொல்லி, என் நாற்றங்காலில் இருந்த கிருஷ்ண கிரீடக் கன்று ஒன்றை மறுநாள் கொடுத்தனுப்பினேன்.