உச்சநிலை: ‘சூப்பர்லேட்டிவ்’ என்ற சொல்லும் வணிக ஆங்கிலத்தில் அதன் எடையும்

ஓர் அலுவலகம் அச்சுப்பொறி வாங்க மூன்று கடைகளில் விலைப்புள்ளி கேட்கிறது. வந்தவை 42,250, 41,500, 39,800 ரூபாய். முதலாவதோடு வைத்துப் பார்த்தால் இரண்டாவது குறைவு; அது ‘லோயர்’. மூன்றிலும் குறைவானது மூன்றாவது, அது ‘லோயஸ்ட்’. டெண்டர் கோப்புகளில் ‘எல்1’ என்று குறிக்கிறார்களே, அந்த ‘எல்’ இந்த லோயஸ்ட்தான்.

ஒரு கூட்டத்தை எடுத்துக்கொண்டு, ஏதோ ஓர் அளவுகோலில் வரிசைப்படுத்தி, அந்த வரிசையின் முனையில் நிற்பதைப் பிரித்துக் காட்டும் பெயரடை வடிவத்துக்கு ஆங்கிலத்தில் சூப்பர்லேட்டிவ் என்று பெயர். தமிழில் உச்சநிலை. ‘லோ’ இயல்புநிலை, ‘லோயர்’ ஒப்பீட்டுநிலை, ‘லோயஸ்ட்’ உச்சநிலை.

சொல் லத்தீனிலிருந்து வந்தது. ‘சூப்பர்’ என்றால் மேலே, அப்பால். ‘லாட்டுஸ்’ என்றால் சுமந்து செல்லப்பட்டது. மற்ற எல்லாவற்றுக்கும் அப்பால் கொண்டுபோய் வைக்கப்பட்டது என்பது இரண்டும் சேர்ந்த பொருள். டிரான்ஸ்லேட், ரிலேட் ஆகிய சொற்களின் வாலில் இருப்பதும் இதே லாட்டுஸ்தான். பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தச் சொல் ஆங்கிலத்துக்குள் வந்தது.

சொல் லத்தீன் என்றாலும், ஆங்கிலம் உச்சநிலைக்குப் போடும் ‘எஸ்ட்’ என்ற விகுதி ஜெர்மானிய மூலத்தது. அதற்கு உடன்பிறப்புகள் உண்டு: கிரேக்கத்தின் ‘இஸ்டோஸ்’, சமஸ்கிருதத்தின் ‘இஷ்ட’. சிரேஷ்ட, ஜேஷ்ட, கனிஷ்ட மூன்றும் அந்த விகுதி ஏறிய உச்சநிலைச் சொற்களே: எல்லாரிலும் சிறந்தவர், எல்லாரிலும் மூத்தவர், எல்லாரிலும் இளையவர். வசிட்டர் என்ற பெயரும் அப்படி அமைந்தது. இலங்கையில் பல்கலைக்கழகத்துச் சீனியர் லெக்சரரைச் சிரேஷ்ட விரிவுரையாளர் என்கிறார்கள். சீனியர் என்பது லத்தீனில் ‘இன்னும் மூத்தவர்’ என்ற ஒப்பீட்டுநிலைதான். தமிழுக்கு வரும்போது அது உச்சநிலைக்கு ஏறிவிட்டது.

சமஸ்கிருதத்தில் இன்னொரு இணையும் உண்டு: ஒப்பீட்டுக்குத் ‘தர’, உச்சத்துக்குத் ‘தம’. உத்தமம் என்ற சொல்லில் இருப்பது இந்தத் ‘தம’. இரண்டு விகுதிகளையும் ஒட்டவைத்து உண்டான சொல்தான் தாரதம்மியம். ‘இரண்டுக்கும் உள்ள தாரதம்மியம் தெரியாமல் பேசாதே’ என்று சொல்லும்போது, ஒப்பீட்டுநிலைக்கும் உச்சநிலைக்கும் உள்ள இலக்கண வேறுபாட்டையே நாம் வாயால் சொல்லிக்கொண்டிருக்கிறோம். கடைப் பொட்டலத்தில் எம்.ஆர்.பி. என்று அச்சிட்டிருப்பதில் உள்ள மேக்சிமம், பேருந்து மினிமம் சார்ஜில் உள்ள மினிமம், பொறியாளர்கள் சொல்லும் ஆப்டிமம் மூன்றும் லத்தீன் உச்சநிலைகள்: மிகப் பெரியது, மிகச் சிறியது, மிக நல்லது.

தமிழில் இந்த வேலைக்கு விகுதியே கிடையாது. அது குறையல்ல, தமிழ் வேறு வழியில் போகிறது. ஒப்பீட்டுக்கு ஐந்தாம் வேற்றுமை உண்டு. ‘இதனின் இற்று இது’ என்று தொல்காப்பியம் சொல்வதற்கு உரைகாரர்கள் தரும் பழைய எடுத்துக்காட்டு ‘காக்கையின் கரிது களாம்பழம்’. உச்சத்துக்கு இரண்டு கருவிகள் உள்ளன. ஒன்று, மிகுதிச் சொல். தொல்காப்பியம் உறு, தவ, நனி என்ற மூன்றையும் மிகுதி உணர்த்துவன என்கிறது. இன்று அந்த இடத்தில் ‘மிக’ நிற்கிறது. மற்றொன்று, பிரிநிலை ஏகாரம். ‘அவருள் இவனே கள்வன்’ என்னும்போது அந்த ‘ஏ’ கூட்டத்திலிருந்து ஒருவனைப் பிரித்து நிறுத்துகிறது. ‘ஐந்து கடைகளிலேயே இதுதான் மலிவு’ என்பதிலும் அதே ஏகாரம்.

இந்த இரண்டில் உச்சநிலைக்கு உண்மையில் நிகரானது ஏகாரம்தான், ‘மிக’ அல்ல. ‘மிகப் பெரிய மழை பெய்தது’ என்றால் ரொம்பப் பெரிய மழை, அவ்வளவுதான். ‘மாவட்டத்தின் மிகப் பெரிய ஏரி’ என்றால் அதைவிடப் பெரியது அங்கே இல்லை என்று பொருள். ஒரே சொல் இரண்டு வேலையும் செய்கிறது. எது என்று சூழலை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறோம். ஆங்கிலத்தில் முன்னது ‘வெரி பிக்’, பின்னது ‘த பிக்கஸ்ட்’, இரண்டும் கலக்காது. தமிழர் எழுதும் வணிக ஆங்கிலத்தில் உச்சநிலை தடம் புரளும்போதெல்லாம் அடியில் இந்த ‘மிக’வைத் தேடிப் பாருங்கள். இலங்கையிலும் சிங்கப்பூரிலும் பேச்சிலேயே வழங்கும் ‘ஆக’ இந்தக் குழப்பத்தைத் தீர்க்கிறது. ‘ஆகக் குறைந்த விலை’ என்றால் அதற்குக் கீழே விலை இல்லை. ‘ரொம்பக் குறைந்த’ என்ற பொருள் அதற்கு ஏறாது. தமிழ்நாட்டிலும் எழுத்தில் ‘ஆகச் சிறந்த’ பரவிவருவது நல்ல செய்தி.

கலைச்சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. ‘உயர்வுநிலை’ என்று எழுதுவோரும் உண்டு. ஆனால் வொர்ஸ்ட், ஸ்மாலஸ்ட், லோயஸ்ட் ஆகியவையும் சூப்பர்லேட்டிவ்தான். அவற்றில் உயர்வு எங்கே இருக்கிறது? உச்சநிலை என்பதில் இந்தச் சங்கடம் இல்லை. ‘அநியாயத்தின் உச்சம்’, ‘கஞ்சத்தனத்தின் உச்சம்’ என்று கெட்டதற்கும் நாம் உச்சம் சொல்கிறோம். இலக்கணத்துக்கு வெளியே, ஒருவரை வானளாவப் புகழ்வதையும் ஆங்கிலத்தில் சூப்பர்லேட்டிவ் என்பார்கள். அந்த இடத்தில் உச்சநிலை பொருந்தாது, ‘மிகைப்புகழ்’ என்று எழுதலாம்.

இனி அலுவலக மேசைக்கு வருவோம். வடிவ விதிகளைப் பள்ளியிலேயே படித்திருப்போம்: குறுஞ்சொல்லுக்கு எஸ்ட், நெடுஞ்சொல்லுக்கு முன்னால் மோஸ்ட், குட் என்பதற்குப் பெஸ்ட். பிழை வருவது வேறு இடங்களில்.

‘மிகச் சிறந்த’ என்பதைச் சொல்லுக்குச் சொல் ஏற்றினால் ‘மோஸ்ட் பெஸ்ட்’ வரும். ‘மிக மலிவான’ என்பது ‘மோஸ்ட் சீப்பஸ்ட்’ ஆகும். ‘மிக’ வாக்கியத்தில் இருப்பதால் மோஸ்ட் போட்டாக வேண்டும் என்று கை நினைக்கிறது. எஸ்ட் ஏறிவிட்ட சொல்லுக்கு மோஸ்ட் வேண்டாம். விலை பற்றிய கடிதத்தில் சீப்பஸ்ட் என்ற சொல்லையே தவிர்ப்பது நல்லது. ஆங்கில ‘சீப்’ மட்டமான தரம் என்ற வாடையையும் சுமக்கிறது. ‘அவர் லோயஸ்ட் பிரைஸ்’ (எங்கள் ஆகக் குறைந்த விலை), ‘த மோஸ்ட் எக்கனாமிக்கல் ஆப்ஷன்’ என்றால் அந்த வாடை வராது. ‘அவர்’ போன்ற உடைமைச் சொல் முன்னால் வந்துவிட்டால் ‘த’ போகும் என்பதையும் இங்கே கவனியுங்கள்.

அடுத்தது ‘ஒன் ஆஃப் த லீடிங் சப்ளையர்’. நிறுவன அறிமுகங்களில் இதைப் போல் அடிக்கடி கண்ணில் படும் பிழை குறைவு. கூட்டத்திலிருந்து ஒன்றைப் பிரிப்பதால் கூட்டம் பன்மையாக இருக்க வேண்டும்: ‘ஒன் ஆஃப் த லீடிங் சப்ளையர்ஸ்’. வினை மட்டும் அந்த ஒன்றைப் பார்த்து ஒருமையில் நிற்கும். இடத்தைச் சொல்லும்போது ‘இன்’, எண்ணிக்கையைச் சொல்லும்போது ‘ஆஃப்’: த லார்ஜஸ்ட் இன் த டிஸ்ட்ரிக்ட், த லார்ஜஸ்ட் ஆஃப் த ஃபைவ்.

இரண்டே பொருள்கள் இருந்தால் உச்சநிலைக்கு வேலை இல்லை, ஒப்பீட்டுநிலை போதும். கணக்கியலில் சரக்கிருப்பின் மதிப்பை ‘லோயர் ஆஃப் காஸ்ட் அண்ட் நெட் ரியலைசபிள் வேல்யூ’ என்று எழுதுகிறோம். அங்கே இருப்பவை அடக்கவிலை, நிகர விற்பனைப் பெறுமானம் என இரண்டே என்பதால்தான் லோயஸ்ட் வரவில்லை. டெண்டரில் இரண்டு பேர் மட்டும் வந்திருந்தால் ஒப்பீட்டு அறிக்கையிலும் அப்படியே எழுத வேண்டும்.

ஆனால் இவை எல்லாவற்றையும்விட ஆபத்தானது இலக்கணம் சரியாக இருந்தும் பொருள் தவறாகும் இடம். தமிழில் ‘மிகச் சிறந்த சேவை அளிக்கிறோம்’ என்று எழுதுபவர் நல்ல சேவை என்றுதான் சொல்ல வந்தார். அதுவே ‘வி ஆஃபர் த பெஸ்ட் சர்வீஸ்’ ஆகும்போது, போட்டியாளர் அனைவரையும் அளந்து பார்த்தோம், நாங்களே முதல் என்ற கூற்றாக மாறிவிடுகிறது. ‘எங்கே? எதில்? எப்போது?’ என்று படிப்பவர் கேட்கலாம். ஆகவே உச்சநிலை போடுமுன் மூன்றை நிரப்ப முடிகிறதா பாருங்கள்: கூட்டம், அளவுகோல், காலம். ‘தமிழ்நாட்டின் மிகப் பெரிய வெட் கிரைண்டர் உற்பத்தியாளர்’ என்பது எதை வைத்துப் பெரியது? தொழிற்சாலைப் பரப்பா, ஆள் எண்ணிக்கையா, விற்பனையா? ‘2023–24 நிதியாண்டில் விற்ற எண்ணிக்கைப்படி கோயம்புத்தூர் மாவட்ட உற்பத்தியாளர்களில் முதலிடம்’ என்று கணக்கேட்டைக் கையில் வைத்துக்கொண்டு எழுதினால், உரிமைகோரல் சிறியதாகத் தெரியும். ஆனால் வாங்குபவர் அதைத்தான் நம்புவார். மூன்றில் ஒன்றை நிரப்ப முடியவில்லை என்றால் உச்சநிலையை விட்டுவிட்டு ‘ரிலையபிள்’, ‘வெரி ஃபாஸ்ட்’ என்று இயல்புநிலைக்கு இறங்குங்கள்.

சட்டமும் இந்தச் சொற்களை எடை போட்டுப் பார்க்கிறது. துணிக்குப் போடும் நீலம் விற்கும் ராபினுக்கும் உஜாலாவுக்கும் நடந்த வழக்கில் கல்கத்தா உயர் நீதிமன்றம் சொன்னது இது: வணிகர் தன் சரக்கு உலகிலேயே சிறந்தது என்று, அது உண்மையல்ல என்றாலும், சொல்லிக்கொள்ளலாம், மற்றவர் சரக்கு மட்டம் என்று சொல்லக் கூடாது. வெறும் ‘பெஸ்ட்’டை யாரும் நேர்ப்பொருளில் எடுத்துக்கொள்வதில்லை என்ற எண்ணம் அதன் பின்னே இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றம் 2008இல் இன்னும் கறாராகப் பார்த்தது. கோல்கேட் தொடுத்த வழக்கில், ஆங்கர் பற்பசை விளம்பரத்திலிருந்த ‘ஒன்லி’, ‘ஃபர்ஸ்ட்’ என்ற இரு சொற்களுக்கும் தடை விதித்தது. இவற்றுக்கு எஸ்ட் விகுதி இல்லை. ஆனால் கூட்டத்திலிருந்து ஒன்றைப் பிரிக்கும் வேலையைப் பெஸ்ட்டைவிடக் கூர்மையாகச் செய்கின்றன. ‘நான் மட்டுமே’ என்றால் மற்றவரிடம் இல்லை என்றாகிறது. அது சரிபார்க்கத்தக்க கூற்று. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்கலாம்.

சீனாவுக்கு ஏற்றுமதி செய்பவர்கள் விளம்பர வாசகத்தைத் தனியாகச் சரிபார்க்க வேண்டும். அங்கே 2015 செப்டம்பர் முதல் நடப்பில் உள்ள விளம்பரச் சட்டம் ‘தேசிய நிலை’, ‘மிக உயர்ந்த நிலை’, ‘மிகச் சிறந்த’ போன்ற சொற்களையே தடுக்கிறது. அபராதம் 2 லட்சம் யுவானில் தொடங்கி 10 லட்சம் வரை போகும். தடுக்கப்பட்ட அந்த ‘மிக உயர்ந்த நிலை’ என்ற சொல்தான் சீன இலக்கணத்தில் சூப்பர்லேட்டிவுக்கே பெயர்.

கடிதப் போக்குவரத்தில் அன்றாடம் புழங்கும் சில உச்சநிலைத் தொடர்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். ‘ப்ளீஸ் ரிப்ளை அட் த எர்லியஸ்ட்’ என்றால் நமக்கு ‘கூடிய சீக்கிரம் பதில் தாருங்கள்’. பிரிட்டனிலோ அமெரிக்காவிலோ ‘அட் த எர்லியஸ்ட்’ என்பது ‘அதற்கு முன் இல்லை’. ‘மண்டே அட் த எர்லியஸ்ட்’ என்று அவர்கள் எழுதினால், திங்கட்கிழமைக்கு முன் சரக்கு வராது என்று அர்த்தம். நாம் அதைத் திங்களே வந்துவிடும் என்று படித்துக் கிடங்கில் ஆளை நிறுத்திவைப்போம். ‘அட் த லேட்டஸ்ட்’ இதன் மறுபுறம்: அந்த நாளைத் தாண்டக் கூடாது. ‘அட் யுவர் எர்லியஸ்ட் கன்வீனியன்ஸ்’ என்பதிலோ அவசரமே இல்லை. உங்களுக்கு வசதிப்பட்டதும் என்றாகிவிடும். அவசரம் என்றால் நாளையும் மணியையும் எழுதிவிடுங்கள். ‘எ மோஸ்ட் யூஸ்ஃபுல் மீட்டிங்’ என்று ‘த’வுக்குப் பதில் ‘எ’ வந்தால் அது நம் ‘மிக’வே, மிகவும் பயனுள்ள கூட்டம், யாரோடும் ஒப்பீடு இல்லை.

ஒப்பந்தங்களில் ‘பெஸ்ட் எண்டெவர்ஸ்’ (ஆகச் சிறந்த முயற்சி) என்ற தொடரை மரியாதைச் சொல் என்று கடந்துவிடக் கூடாது. ஆங்கிலேயச் சட்டத்தில் அது ‘ரீசனபிள் எண்டெவர்ஸ்’ (நியாயமான முயற்சி) என்பதைவிடக் கனமான கடமை.

‘மோஸ்ட் ஃபேவர்டு நேஷன்’ என்பதைச் செய்திகளில் ‘மிகவும் வேண்டப்பட்ட நாடு’ என்று மொழிபெயர்க்கிறார்கள். 1996இல் இந்தியா பாகிஸ்தானுக்கு அதை வழங்கியபோதும், 2019 பிப்ரவரியில் திரும்பப் பெற்றபோதும், ஏதோ தனிச் சலுகை தந்து பறித்ததுபோல் பலர் புரிந்துகொண்டதற்கு அந்த ‘மிகவும்’ ஒரு காரணம். சுங்கவரி, வணிகம் பற்றிய 1947ஆம் ஆண்டுப் பொது உடன்படிக்கையான ‘காட்’டின் முதல் பிரிவு சொல்வது வேறு: யாருக்கு அதிகச் சலுகை தருகிறீர்களோ, அதே அளவை மற்ற உறுப்பு நாடுகளுக்கும் தர வேண்டும். உச்சத்தில் இருப்பவர் இங்கே அளவுகோல் மட்டுமே, கிடைப்பது சமத்துவம். அமெரிக்காவே 1998இல் தன் சட்டங்களில் அந்தப் பெயரை ‘நார்மல் டிரேட் ரிலேஷன்ஸ்’ என்று மாற்றிக்கொண்டது. தமிழில் ‘சமசலுகை நாடு’ என்பது பொருளுக்குப் பக்கத்தில் நிற்கும். இதே சொல் ‘மோஸ்ட் ஃபேவர்டு கஸ்டமர்’ என்ற பிரிவாகக் கொள்முதல் ஒப்பந்தங்களிலும் வரும். அதில் கையெழுத்திட்டால், வேறொரு வாடிக்கையாளருக்கு அதே சரக்கில் நீங்கள் தரும் தள்ளுபடியை இவருக்கும் தர வேண்டிவரும். நடப்பில் யார் யாருக்கு என்ன விலை போகிறது என்ற பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, அந்தப் பிரிவு எந்தச் சரக்குக்கு, எவ்வளவு அளவுக்கு, எத்தனை மாதத்துக்கு என்று வரையறுத்த பிறகே கையெழுத்திடுங்கள்.