டைப் ஜக்ளிங்: தமிழ்ல வகைமாறாட்டம்னு சொன்னா என்ன?

பிஹெச்பிங்கிற நிரல் மொழில "5" + 3 போட்டா 8 வரும். மேற்கோள் குறிக்குள்ள இருக்கிற 5 எண்ணே கிடையாது, வெறும் எழுத்து, அதாவது ஸ்ட்ரிங், கலைச்சொல்லா சொன்னா சரம். ஃபார்ம்ல டைப் பண்ணி அனுப்புறது வயசோ விலையோ எதுவானாலும் சரமாத்தான் வந்து சேரும், ஆனா கூட்டல் குறிய பார்த்ததும் மொழி தானாவே அத எண்ணா மாத்திக்குது, நம்மள ஒரு வார்த்தை கேக்கிறதில்ல. இதுக்கு பிஹெச்பி மேனுவல்லயே இருக்கிற பேருதான் டைப் ஜக்ளிங். டைப்னா வகை, அதாவது எண்ணா சரமாங்கிறது.

ஜக்ளிங்னா இப்ப பந்த தூக்கிப்போட்டு பிடிக்கிறது. ஆனா அதோட வேர் லத்தீன்ல கேலி, வேடிக்கைன்னு பொருள்படுற சொல், பழைய பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வந்து அங்க கண்கட்டு வித்தை, ஏமாத்துன்னும் பொருள் எடுத்துக்கிச்சு. அதனால பந்தாட்டம்னு மாத்துனா பாதி பொருள் போயிடுது. செப்படி வித்தைங்கிறது நெருக்கமான சொல்தான், ஆனா ப்ரோகிராம் கோடுக்கு நடுவுல குறிப்பா எழுதுற கமென்ட்ல யாரு அத எழுதுவா?

வகை மாற்றம்னு சிலர் எழுதுறாங்க. அது டைப் கன்வர்ஷனுக்கு சரி, நாமளே தெரிஞ்சு மாத்துறது அது. தெரியாம நடக்கிறதுக்கு என் ஓட்டு வகைமாறாட்டம். ஆள்மாறாட்டம் நமக்கு பழகின சொல், இங்க சரம் எண்ணோட வேஷத்துல உள்ள வந்துடுது, அவ்வளவுதான்.

வேஷம் கலையிற இடம் ஒப்பீடு. "007" == "7" போட்டுப் பாருங்க, உண்மைனு வரும். ரெண்டு பக்கமும் எண் மாதிரி தெரியிற சரம் இருந்தா பிஹெச்பி எண்ணா மாத்தித்தான் ஒப்பிடும், "10" == "10.0" கூட உண்மைதான். விலைனா பரவாயில்ல, அடையாள எண்ணா இருந்தா ரெண்டு வேற ஆளுங்க ஒரே ஆளா ஆயிடுவாங்க (நிஜமாவே ஆள்மாறாட்டம்!). 2020ல வந்த பிஹெச்பி 8.0 பதிப்புக்கு முன்னாடி இன்னும் மோசம், 0 == "வணக்கம்" கூட உண்மைனு வந்துச்சு, ஏன்னா எண்ணே இல்லாத சரம் பூஜ்யமா மாறிடும். 8.0ல அத சரி பண்ணிட்டாங்க, "007" கதை மட்டும் அப்படியேதான் இருக்கு. மூணு சமக்குறி === போட்டா வகையையும் சேர்த்துப் பார்க்கும், மாறாட்டம் நடக்காது.

ஜாவாஸ்கிரிப்ட்ங்கிற இன்னொரு நிரல் மொழில இதுக்கு கோயர்ஷன்னு பேரு, கட்டாயப்படுத்துறதுன்னு அர்த்தம். அங்க "5" + 3 போட்டா "53", எண்தான் சரமா மாறுது, ஆனா "5" - 3 போட்டா 2. பிஹெச்பில சரங்கள ஒட்டுறதுக்கு தனியா புள்ளி இருக்கு, அதனால கூட்டல்ல இந்த குழப்பம் வராது.

அர்ரே சாவில, அதாவது பட்டியல்ல ஒவ்வொரு மதிப்பையும் எடுக்க வைக்கிற அடையாளத்துல, மட்டும் பிஹெச்பி ரொம்ப கறார், "7"னு கொடுத்தா எண் 7 ஆக்கிடும், "07"னு கொடுத்தா சரமாவே விட்டுடும்.