மீதியை வெள்ளித்திரையில் காண்க

விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) மூன்றாம் ஆண்டு மாணவர்களின் ஆய்வேடுகளை வழிநடத்துவது என் வேலை. ஜனவரி பிறந்தால் போதும், "மேம், தமிழ் சினிமாவில் பெண்கள்னு எடுத்துக்கிறேன் மேம்" என்று யாராவது அறை வாசலில் வந்து நிற்பார்கள். எந்தப் படம், எந்த ஆண்டு என்று கேட்டால் முழிப்பார்கள். 1931-இல் பேச ஆரம்பித்த சினிமாவை மூன்றே மாதத்தில், இன்டர்னல் பரீட்சைக்கும் ஷூட்டிங்குக்கும் நடுவில் எப்படித் தம்பி முடிப்பாய்?

அடுத்த தலைவலி கூகுள் ஃபார்ம். 'சினிமா சமூகத்தைப் பாதிக்கிறதா?' என்று வகுப்புத் தோழர்களிடமே கேட்டு வாங்கி, வண்ண வண்ணமாக வட்டப்படம் போட்டுக் கொண்டுவருகிறார்கள். அதில் தோழர்கள் இருக்கிறார்கள். படம் எங்கே?

ஒரு மாணவி 'அந்த நாள்' படத்தை மட்டும் எடுத்துக்கொண்டாள். 1954-இல் எஸ். பாலசந்தர் இயக்கிய, பாட்டே இல்லாத படம். ஒரு கொலையைப் பற்றி ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்வார்கள். கதை சொல்பவர் மாறும்போது கேமராவும் இடம் மாறுகிறதா என்பது மட்டும்தான் அவள் கேள்வி. நோட்டில் கட்டம் போட்டு, குளோசப்பா மிட் ஷாட்டா, எத்தனை நொடி என்று ஒவ்வொரு ஷாட்டாக, அதாவது ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் நடுவில் வரும் ஒவ்வொரு துண்டாகக் குறித்தாள். சலிப்பான வேலைதான், ஆனால் மூன்றாவது முறை பார்க்கும்போது படம் வேறு மாதிரி தெரிய ஆரம்பித்துவிடும்.

அப்புறம், எந்தப் பிரதியைப் பார்த்தீர்கள் என்று முதல் நாளே எழுதி வையுங்கள். ஒரு பையன் பழைய டிவிடியில் ஷாட் நீளம் எண்ணினான். இணையத்தில் இருந்த அதே படம் ஆறு நிமிடம் அதிகம் ஓடியது. காணாமல் போன காட்சியை ஒரு வாரம் தேடினான். காட்சி எதுவும் போகவில்லை! ஃபிலிம் நொடிக்கு 24 ஃபிரேம், அந்த டிவிடி பதிந்திருந்த பால் (PAL) என்ற டிவி முறை வீடியோ 25, ஆகவே 150 நிமிடப் படம் அதில் 144 நிமிடத்திலேயே ஓடி முடிந்துவிடும். சராசரி ஷாட் நீளம் கணக்கிடுகிறவர்களுக்கு மொத்தக் கணக்கும் இதில் கெட்டுப்போகும்.

நிஜமாகவே வெட்டிய பிரதிகளும் உண்டு, அதுவும் டிவிக்காகச் சுருக்கியதை அப்படியே யூடியூபில் ஏற்றியிருந்தால் முதலில் காணாமல் போவது பாட்டும் சண்டையும்தான். பழைய படம் என்றால் சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா நூலகத்தில் அந்தப் படத்தின் பாட்டுப் புத்தகம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். எந்தெந்தப் பாட்டு, யார் யார் நடித்தார்கள் என்றெல்லாம் அதில் அச்சடித்திருப்பார்கள். உங்கள் பிரதியோடு ஒப்பிட்டாலே ஆய்வேட்டுக்கு நாலு பக்கம் தேறும்.

கதைச் சுருக்கமும் இருக்கும், ஆனால் சரியான இடத்தில் நிறுத்தி 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று போட்டுவிடுவார்கள். படச்சுருளே மிஞ்சாத 1931 'காளிதாஸ்' மாதிரியான படங்களை ஆராயப் போகிறவர்களுக்கு அந்த வரியைப் படிக்கும்போது கொஞ்சம் வலிக்கும்.