ரூட்டருக்கு ஃபேன் வைத்தால் சூடு எப்படித் தணிகிறது?

“மத்தியானம் ஆனால் வைஃபை விட்டுவிட்டு வருகிறது, ரூட்டர் தொட்டால் சுடுகிறது. சின்ன ஃபேன் வைக்கலாமா? அதுவும் அதே அனல்காற்றைத்தானே அடிக்கும்?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கேள்வியின் பின்பாதி அருமை.

12 வோல்ட், 1 ஆம்பியர் அடாப்டர் என்றால் அதிகபட்சம் 12 வாட். அதில் அலைகளாகப் போவது சொற்பம், மிச்சமெல்லாம் வெப்பம். வீட்டு ரூட்டர்கள் பெரும்பாலும் 40 டிகிரி வரையுள்ள அறைக்கே வடிவமைக்கப்பட்டவை. மே மாதத்து வேலூரில், டிவிக்குப் பின்னால், செட்டாப் பாக்ஸின் தலைமேல் வைத்தால் திணறத்தான் செய்யும்.

சரி, ஃபேன். அறை 38 டிகிரி என்றால் ஃபேன் காற்றும் 38தான். ஆனால் ரூட்டரின் மேலோடு அதைவிடச் சூடு, உள்ளே சிப் இன்னும் சூடு. அந்த வெப்பத்தை மறிப்பது மேலோட்டை ஒட்டிக்கிடக்கும் காற்றுப்படலம். எந்தப் பரப்பையும் தொட்டுக்கொண்டிருக்கும் காற்று அதைவிட்டு நகராது. சந்தேகமா? சீலிங் ஃபேன் இறக்கையைப் பாருங்கள். நாள் முழுக்கச் சுற்றியும் விளிம்பில் கறுப்பாகத் தூசி படிந்திருக்கும். இறக்கையை ஒட்டிய காற்று இறக்கையோடேயே சுற்றுவதால், அந்தப் படலத்துக்குள் நுண்தூசி பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது. இந்தப் படலத்தின் கணக்கை லுட்விக் பிராண்டல் என்ற ஜெர்மன் விஞ்ஞானி 1904இல் ஹைடல்பர்க் கணித மாநாட்டில் சில பக்கங்களில் சொல்லி முடித்தார். விமானம் முதல் நம் ரூட்டர் வரை எல்லாம் அதற்குள் அடக்கம்.

காற்று படுமட்டமான வெப்பக்கடத்தி, அலுமினியத்தைவிடப் பல ஆயிரம் மடங்கு மட்டம். அசையாத அறையில் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் கனமுள்ள படலத்தை வெப்பம் ஊர்ந்து கடக்க வேண்டும். ஃபேன் அதை 1 அல்லது 2 மில்லிமீட்டராகச் சீவிவிடுகிறது. அவ்வளவுதான் அதன் வேலை.

கம்ப்யூட்டருக்குள் இருக்கும் 12 வோல்ட் ஃபேன் ஒன்றை யுஎஸ்பியின் 5 வோல்ட்டில் ஓட்டினால் மெதுவாக, சத்தமில்லாமல் சுற்றும், அதுவே போதும். ரூட்டரைக் கொஞ்சம் தூக்கி வைத்து, அடித்துளை வழியாக மேல்நோக்கி அடிக்கும்படி வையுங்கள். “கதிர்வீச்சைத் தடுக்கும்” ஸ்டிக்கரைத் துளைமேல் ஒட்டியிருந்தால் முதலில் பிய்த்துப் போடுங்கள். காற்றைத் தவிர அது எதையும் தடுப்பதில்லை. அதைக் காசு கொடுத்து வாங்குகிறோம் என்பதுதான் எரிச்சல்.

அப்புறமும் வைஃபை அறுந்தால் அடாப்டரைச் சந்தேகப்படுங்கள். உள்ளிருக்கும் மின்தேக்கிகள் (கெப்பாசிட்டர்) 10 டிகிரி கூடினால் பாதி ஆயுளில் போய்விடும். அதே வோல்ட், அதே செருகுமுனை, ஆம்பியர் குறையாமல் பார்த்து மாற்றுங்கள்.